வீடு முந்தி, வீதி பிந்தி

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் செயற்கைக்கோள் படத்தை விரிவுரையில் முதன்முதலாகப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. கடலோரப் பழைய ஜேம்ஸ் டவுனில் சந்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வடக்கே அடென்டா, மேற்கே கசோவா என்று புறநகருக்குப் போகப் போக, செம்மண் பாதைகள் பல ஏதோ ஒரு மதிலில் முட்டி நின்றுவிடுகின்றன.

மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்பார்கள். பெருக்கம் உண்மைதான். 2000ஆம் ஆண்டில் 29 இலட்சமாக இருந்த பெரு அக்ரா வட்டார மக்கள்தொகை 2021இல் 54 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால், முட்டுச்சந்தை உண்டாக்குவது ஆள்கணக்கு அன்று. நிலம் விற்கப்படும் முறை. கானாவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டு நிலம் மரபுரிமையாகக் குலத்தலைவர்கள், குடும்பங்கள் கையில் உள்ளது. அவர்கள் அதை 70 அடிக்கு 100 அடி மனைகளாக விற்கிறார்கள். வாங்கியவர் முதலில் மதிலை எழுப்புகிறார். சும்மா விட்டால் அதே மனையை இன்னொருவருக்கும் விற்றுவிடுவார்களே! பிறகு காசு சேரும்போதெல்லாம் கல் அடுக்கிப் பல ஆண்டுகளில் வீட்டை முடிக்கிறார். பாதை பக்கத்து நிலத்திலும் தொடர வேண்டுமே என்ற கவலை விற்றவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. 'வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு' என்று அதிகாரிகள் மதிலில் சிவப்புச் சாயத்தால் எழுதும்போது காலம் கடந்திருக்கும்.

தோழர்களே, இது வெறும் வரைபடச் சிக்கல் அன்று. எங்கள் தாமானுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே ஒரு கம்பிவேலி இருந்தது. அதிலிருந்த ஓட்டை வழியே ஐந்து நிமிட நடை. ஓட்டையை அடைத்த பிறகு அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டு போய் விட்டார். அக்ராவின் புறநகர்களில் அடுத்த தெருக் கடைக்கும் அதே கதைதான். எல்லாரும் ஒரே நெடுஞ்சாலையில் வந்து இறங்கினால் 'துரோதுரோ' சிற்றுந்துகள் ஊராமல் என்ன செய்யும்? 2016இல் நுக்ருமா வட்டச் சந்திப்பில் அடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். மேம்பாலம் எந்த முட்டுச்சந்தையும் திறக்காது.

கிழக்கேயுள்ள தேமா துறைமுக நகரில் வீதிக்குப் பிறகே வீடு. 1952இல் அரசு நிலத்தை மொத்தமாக எடுத்துத் திட்டமிட்டது. அதற்காகப் பழைய மீனவர் கிராமத்தையே இடம்பெயர்த்தார்கள்; அந்தக் கொடுமை மீண்டும் வேண்டாம்.

நான் கேட்பது அவ்வளவு பெரிதன்று. மனை விற்கப்படுமுன் குலத்தலைவரும் மன்றமும் சேர்ந்து வீதிக்கோட்டில் கல் நடட்டும். தார் மெதுவாக வரட்டும். நகர நிலத்தில் 30 விழுக்காட்டை வீதிக்கு ஒதுக்கச் சொல்கிறது ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டம். 'அவ்வளவையும் இழப்பதா?' என்று நிலக்காரக் குடும்பம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால், இருபுறமும் வழியுள்ள மனைக்கும் முட்டுச்சந்து மனைக்கும் ஒரே விலையா?