வீரத்துக்கு நிறம் உண்டோ?

1997ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13ஆம் நாள். ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன், வெள்ளை மாளிகையிலே எழுபத்தேழு வயது நிரம்பிய ஒருவரின் கழுத்தில் அந்நாட்டின் அதியுயர் வீர விருதாகிய கௌரவப் பதக்கத்தை அணிவித்தார். அம்முதியவர் பெயர் வேர்ணன் பேக்கர். அதே வைபவத்தில் மேலும் அறுவருக்கு அவ்விருது வழங்கப்பெற்றது. ஆயின், அவ்வறுவருள் ஒருவரேனும் அதனைக் கையேற்க உயிரோடிருக்கவில்லை. நால்வர் போர்க்களத்திலேயே மாண்டவர்கள். இருவர் போரினின்றும் மீண்டு, ஒருவர் 1963இலும் மற்றவர் 1980இலும் இவ்விருதைக் காணாமலே கண்மூடியவர்கள். ஜோர்ஜ் வற்சன் என்பாருக்குரிய பதக்கத்தைப் பெற உறவினர் ஒருவர்தாமும் அகப்படவில்லை. 1943 மார்ச்சில், நியூகினிக் கடலிலே கப்பல் மூழ்கிக்கொண்டிருந்த வேளை, நீந்தத் தெரியாத தோழர்களை ஒருவர்பின் ஒருவராகத் தெப்பத்தில் ஏற்றிவிட்டு, ஈற்றில் களைத்துத் தாமும் கப்பலோடு அமிழ்ந்துபோனவர் அவர்.

இவ்வெழுவரும் கறுப்பினத்தவர். எழுவரும் இரண்டாம் உலக மகாயுத்தத்திலே போரிட்டவர்கள். அந்த யுத்தத்தில் அமெரிக்கப் படைகளிற் சேவை புரிந்த கறுப்பினத்தவர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். யுத்தம் ஓய்ந்து கணக்குப் பார்த்தபோது, அதற்கெனக் கௌரவப் பதக்கம் பெற்றோர் 400க்கு மேற்பட்டிருந்தனர். அவர்களுள் கறுப்பினத்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! பத்து இலட்சம் மனிதரிடையே ஒரு வீரனும் தோன்றவில்லை என்று சொல்லும் கணக்கு, கணக்கெழுதியவனைப் பற்றியே சாட்சி சொல்லுகின்றது.

முன்னொரு காலத்தில் நிலைமை இத்துணை மோசமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1861, 1862ஆம் ஆண்டுகளில் இப்பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. 1863இல் வாக்னர் கோட்டைத் தாக்குதலிலே, குண்டுபட்டும் கொடியை நிலத்தில் விழவிடாது காத்த வில்லியம் கார்ணி என்ற கறுப்பினத்தவர் அதனைப் பெற்றார். அதுவும் 37 ஆண்டுகள் கழித்து 1900இலேதான். முதலாம் உலக யுத்தத்திலோ, 1918 செப்டெம்பரில் பிரான்ஸ் மண்ணில் மடிந்த பிரெடி ஸ்ரோவேர்சுக்காகப் பரிந்துரை எழுதப்பட்டும், அப்பத்திரம் நடவடிக்கையின்றிக் கிடந்தது. 1991இல் அவருடைய சகோதரிமாரிடம் பதக்கம் கையளிக்கப்பட்டபோது எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டம் பயின்றவன் இங்கே முதலில் எழுப்பும் வினா ஒன்றுண்டு. கறுப்பினத்தவருக்கு இப்பதக்கம் வழங்கலாகாது என்று எந்த விதியிலேனும் எழுதப்பட்டிருந்ததா? இல்லை. 1993இல் அமெரிக்க இராணுவமே வட கரோலினாவிலுள்ள ஷோ சர்வகலாசாலையிடம் இதனை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. ஆய்வாளர் பழைய பத்திரங்களைத் துருவிப் பார்த்தனர். கறுப்பினத்தவரை விலக்கிவைக்குமாறு கூறும் கட்டளை எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. நிறத்தால் பிரிக்கப்பட்ட படை, பெரும்பாலும் வெள்ளையரான மேலதிகாரிகள், இவர்களிடம் வீரத்தை எதிர்பாராத ஒரு மனோபாவம் ஆகியவையே அவை. விதியின் வாசகம் எல்லாருக்கும் பொதுவாய் இருந்தது; விதியை இயக்கும் கைதான் பொதுவாய் இருக்கவில்லை.

எமது கமக்கார வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாரக்குடிகாரன் களத்திலே குவித்த நெல்லை அளக்கப் புசல் இருக்கின்றது. அது முத்திரையிட்ட சரியான புசலாகவே இருக்கலாம். ஆயினும் அளப்பவனும் காணிக்காரனே, கணக்கெழுதுபவனும் காணிக்காரனே, முறைப்பாட்டைக் கேட்பவனும் அவனே என்றால், புசல் சரியானதென்பதனால் வாரக்குடிகாரனுக்கு என்ன ஆறுதல்? இராணுவ விருதின் நடைமுறையும் ஏறக்குறைய இத்தகையதே. ஒரு வீரச் செயல் நிகழ்கின்றது. அதனைக் கண்ட மேலதிகாரி பரிந்துரை எழுதவேண்டும். கண்கண்ட சாட்சியங்கள் சேர்க்கப்படவேண்டும். அது படிப்படியாக மேலேறி ஒவ்வொரு படியிலும் கையொப்பம் பெறவேண்டும். முதற்படியிலுள்ளவன் பேனாவை எடுக்காவிடின், அச்செயல் சட்டத்தின் கண்ணுக்கு நிகழவேயில்லை! மறுக்கப்பட்டதற்கு எதிராக முறையிடலாம்; எழுதப்படாததற்கு எதிராக யாரிடம் முறையிடுவது?

பேக்கரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஏப்பிரல் 5ஆம் நாள், இத்தாலியிலே வியாரெஜியோ நகருக்கு அண்மையில் மலையுச்சிக் கோட்டையொன்றைப் பிடிக்கச் சென்ற படைப்பிரிவில் அவர் ஒரு லெப்டினன்ட். எதிரியின் இயந்திரத் துவக்கு நிலைகளையும் பதுங்கு குழிகளையும் ஒவ்வொன்றாக அழித்து முன்னேறினார். உதவிப் படையைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் பின்னே சென்ற கப்டன் திரும்பி வரவேயில்லை என்று பேக்கர் பின்னாளிற் கூறினார். உடன் சென்ற சுமார் 25 பேரில் பெரும்பாலோர் மாண்டனர். காயமுற்றோர் பின்வாங்குவதற்காக எதிரியின் துவக்குகளைத் தம்பால் ஈர்த்து நின்றார். மறுநாளிரவு, கண்ணிவெடி புதைத்த நிலத்தினூடே புதிய படையொன்றை வழிநடத்தினார். இதற்காக அவருக்குக் கிடைத்தது இரண்டாம் படி விருதாகிய சிறப்புச் சேவைச் சிலுவை. கறுப்பு வீரன் ஏறக்கூடிய உச்சப் படி அன்று அதுவே போலும்!

ஜோன் பொக்ஸ் என்ற லெப்டினன்டுக்கு அந்த இரண்டாம் படியே 1982 வரை வாய்க்கவில்லை. 1944 டிசெம்பர் 26ஆம் நாள் சொம்மொகொலோனியா என்ற இத்தாலியக் கிராமத்தில், பகைவர் தம்மைச் சூழ்ந்துவிட்டதைக் கண்டு, தாம் நின்ற இடத்தின் மீதே பீரங்கி சுடும்படி சொந்தப் படைக்குக் கட்டளை அனுப்பியவர் அவர். அவ்விடத்திலேயே உயிர் துறந்தார்.

எட்வேட் காட்டர் என்ற சார்ஜன்ட் போர்முனைக்குச் செல்லும் ஆவலினால் தம் பதவியைத் துறந்து சாதாரணச் சிப்பாயாகக் கீழிறங்கினார். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குக் கட்டளையிடலாகாது என்பதற்காகவே அந்த இறக்கம். 1945 மார்ச்சில் ஜேர்மனியிலே தனியராய் முன்னேறி, பல காயங்களைத் தாங்கி, எதிரிகளிற் சிலரை வீழ்த்தி இருவரைச் சிறைபிடித்து வந்தார். அவருக்கு நாடு அளித்த கைம்மாறு யாது? 1949இல், கம்யூனிஸ்டுத் தொடர்பு என்ற சந்தேகத்தின் பேரில், மீண்டும் படையிற் சேர அனுமதி மறுக்கப்பட்டது. விசாரணையுமில்லை, குற்றச்சாட்டுமில்லை. அவர் இறந்து 36 ஆண்டுகள் கழிந்தபின், 1999இல், இராணுவம் மன்னிப்புக் கோரியது.

வேலி வழக்குகளிலே வாதாடியோர் அறிவர்: எழுத்தில் இல்லாத உண்மை எத்துணைப் பலவீனமானது என்பதை. றூபன் றிவேர்ஸ் என்ற தாங்கிப்படைச் சார்ஜன்ட் 1944 நவம்பரில் பிரான்சிலே தொடை கிழிபட்ட நிலையிலும் களத்தை விட்டகல மறுத்து, மூன்று நாட்கள் போரிட்டு மடிந்தார். அவருக்குக் கௌரவப் பதக்கம் வழங்குமாறு அப்பொழுதே பரிந்துரைத்ததாக அவருடைய கப்டன் டேவிட் வில்லியம்ஸ் சொன்னார். இவர் வெள்ளையர் என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் அப்பரிந்துரைப் பத்திரம் எங்கே? அகப்படவில்லை. அக்கப்டன் தம் முதுமைக் காலத்தை அந்தப் பத்திரத்தின் பின்னாலேயே செலவிட்டார். ஒரு நல்ல சாட்சி உயிரோடிருந்து ஓயாது வாதாடியதனால் றிவேர்சின் பெயர் எழுவரில் ஒன்றாயிற்று. சாட்சியும் மாண்டு பத்திரமும் தொலைந்த எத்தனை பெயர்கள் அந்தப் பத்து இலட்சத்துள் புதைந்து கிடக்கின்றனவோ!

அமெரிக்கரை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. பிரித்தானியர் 1856இல் விக்ரோறியாச் சிலுவையை ஏற்படுத்தியபோது, அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் வேறுபாடு பாராது வழங்கப்படும் என்று பெருமையோடு பறைசாற்றினர். அந்தஸ்தில் வேறுபாடு பாராதவர்கள் நிறத்தில் பார்த்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் 1911 வரை அதற்கு உரித்துடையோராய்க் கொள்ளப்படவில்லை. முதன்முதலாக அதனைப் பெற்ற இந்தியச் சிப்பாய் குடடாட் கான். 1914 ஒக்டோபர் 31ஆம் நாள் பெல்ஜியத்திலே, தம் குழுவினர் யாவரும் மாண்டபின்னும் இயந்திரத் துவக்கை விட்டகலாதவர். ஏனைய விருதுகளில் அந்தஸ்து வேறுபாடும் நெடுங்காலம் நிலைத்தது. ஒரே பதுங்கு குழியில் ஒரே செயலைச் செய்த அதிகாரிக்கு இராணுவச் சிலுவை. சிப்பாய்க்கு இராணுவப் பதக்கம். 1993இலேதான் அப்பிரிவினை நீக்கப்பட்டு, சிலுவை எல்லாருக்கும் பொதுவாயிற்று.

அதே விக்ரோறியாச் சிலுவையின் ஆதிப் பிரமாணத்திலே ஓர் அருமையான ஏற்பாடும் உண்டு. ஒரு படைப்பிரிவு முழுவதுமே சமமான வீரத்தைக் காட்டியிருப்பின், விருதுக்குரியவரை மேலதிகாரி தெரிவதில்லை; அதிகாரிகள் தம்முள் ஒருவரையும், சிப்பாய்கள் தம்முள் இருவரையும் வாக்களித்துத் தெரிவர். அருகில் நின்று கண்டவனே சாட்சி, அவனே நீதிபதி! நம் முன்னோர் நட்ட நடுகற்களை இங்கு நினைவுகூரலாம். நிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நாட்டியோர் அவன் மாட்டைப் பெற்ற ஊரார். தூரத்து அலுவலகம் ஒன்றின் அனுமதிக்காக அவர்கள் காத்திருந்ததாக நாம் அறியோம்.

பழைய கணக்குகளைக் கிளறினால் விருதின் மதிப்புத் தாழ்ந்துவிடும் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. உள்நாட்டுப் போரின்போது மெயின் மாநிலத்துப் படைப்பிரிவொன்றில், தவணை முடிந்தும் தலைநகரைக் காக்கச் சுமார் 300 பேர் தங்கியதற்காக, வீடு சென்றவர்களையும் சேர்த்து 864 பதக்கங்கள் வழங்கப்பட்ட விநோதமும் நடந்ததுண்டு. 1917இல் ஓய்வுபெற்ற தளபதிகள் ஐவர் கூடி 911 பெயர்களைப் பட்டியலினின்றும் வெட்டினர். ஆகவே, மறுபரிசீலனை என்பது இன்று புதிதாய்ப் பிறந்த பலவீனமன்று. 1990களின் ஆய்வும் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கவில்லை. ஆய்வாளர் பதின்மரைப் பரிந்துரைத்தனர். இராணுவம் எழுவரை ஏற்று மூவரை நிராகரித்தது. காங்கிரஸ் 1996இல் தளர்த்தியது காலவரையறையை மட்டுமே; வீரத்தின் அளவையை அன்று.

எமக்குள்ள மனக்குறை வேறு. ஒவ்வொரு இனத்தவரும் தத்தமக்கெனத் தனித்தனிச் சட்டம் தேடவேண்டியிருந்தது. ஹவாய்த் தீவைச் சேர்ந்த செனற்றர் அக்காக்கா முயன்றிராவிடின், ஜப்பானிய வம்சத்தவரின் 442ஆம் படைப்பிரிவு மறுபரிசீலிக்கப்பட்டிராது. அம்முயற்சியால் 2000ஆம் ஆண்டில் ஆசிய வம்சத்தவர் 22 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. போரில் ஒரு கையை இழந்து, பின்னர் செனற்றராக விளங்கிய டானியல் இனூயே அவர்களுள் ஒருவர். யூதரையும் ஸ்பானிய வம்சத்தவரையும் பற்றிய சட்டம் 2002ஆம் ஆண்டுக்கெனப் பிறந்தது; அதன் பயனாக 24 பேர் 2014இல் விருது பெற்றபோது மூவரே உயிரோடிருந்தனர். சட்டசபையிலே குரலுள்ளவனுக்கு முன்னும், குரலில்லாதவனுக்குப் பின்னுமாக நீதி வருமாயின், அது நீதியா, சலுகையா?

ஒஸ்திரேலியாவின் வழி இதனிலும் மேலானது. அங்கே படை விருதுகள் பற்றிய மேன்முறையீட்டைக் கேட்கச் சட்டத்தால் அமைந்த சுதந்திரமான நியாயசபை ஒன்றுண்டு. 1942 டிசெம்பரில், மூழ்கும் கப்பலின் துவக்கோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, தோழரைக் காக்கச் சுட்டுக்கொண்டே கடலுள் அமிழ்ந்த பதினெட்டு வயது எட்வேட் ஷீனுக்கு விக்ரோறியாச் சிலுவை வழங்குமாறு அச்சபை 2019இல் விதந்துரைத்தது. அரசாங்கம் முதலில் மறுத்தது. பின் இன்னொரு குழுவை நியமித்து, 2020இல் இணங்கியது. ஷீன் வெள்ளையர். எனவே, இந்நோய் நிறவெறியால் மட்டும் விளைவதன்று. கதவு ஒன்றேயாய், அதன் திறப்பும் ஒருவன் கையிலேயாய் இருக்குமிடமெல்லாம் விளைவது. மறுத்தவனே மறுபடியும் விசாரிக்கும் முறையை ஒழித்து, காரணங் காட்டி எழுதும் கடப்பாடுடைய நியாயசபையை ஒவ்வொரு நாடும் ஏற்படுத்துதல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இனி, நாணயத்தின் மறுபுறம். 1890 டிசெம்பர் 29ஆம் நாள், தென் டக்கோட்டாவிலே வூண்டட் நீ ஓடைக்கரையில், ஐக்கிய அமெரிக்கக் குதிரைப்படை லக்கோட்டாப் பழங்குடி மக்களைச் சுற்றிவளைத்தது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அச்செயலுக்காகச் சுமார் 20 வீரர்களுக்குக் கௌரவப் பதக்கம்! அக்காலத்தில் இராணுவத்தில் வேறு வீரப் பதக்கம் இருக்கவில்லை, ஆகவே அளவை தாழ்ந்திருந்தது என்பர். உண்மையே. ஆயினும் 911 பெயர்களை வெட்டிய பேனா இவற்றைத் தொடவில்லை. 1990இல் காங்கிரஸ் அப்படுகொலைக்கு ஆழ்ந்த வருத்தந் தெரிவித்தது. பதக்கங்களோ அப்படியே இருந்தன. 2024இல் பாதுகாப்பு அமைச்சராயிருந்த ஒஸ்ரின் மறுபரிசீலனைக் குழு ஒன்றை நியமித்தார். அவருக்குப் பின் வந்த ஹெக்செத், 2025 செப்டெம்பரில், அப்பதக்கங்கள் நிலைக்கும், இனி இதுபற்றிப் பேச்சில்லை என அறிவித்துவிட்டார்.

கொடுக்கத் தவறியதைத் திருத்த 1996இல் காலவரையறையைத் தளர்த்திய அதே காங்கிரசுக்கு, தவறிக் கொடுத்ததைத் திருத்தவும் அதிகாரம் உண்டு. இப்பதக்கங்களை மீளப்பெறும் மசோதா அங்கே 2019இல் முதன்முறையாகச் சமர்ப்பிக்கப்பட்டது. அதனை விவாதத்துக்கு எடுத்து, ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஆதாரமான பத்திரத்தைப் பகிரங்கமாக விரித்து, அன்று மாண்டோரின் வழித்தோன்றல்களையும் சாட்சிக் கூண்டுக்கு அழைத்து விசாரிக்குமாறு வற்புறுத்துகின்றோம்.