ஆம்புலன்ஸ் ஊழியர் சங்கத்துக்கு ஆதரவு தேவை

விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வண்டியில் வந்த ஊழியருக்குப் போன மாதச் சம்பளம் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சம்பள பாக்கி கேட்டுக் குரல் எழுப்பியதும், வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்ததும் பலமுறை செய்தியாக வந்துள்ளன. அவர்களுடைய சம்பளப் பிரச்சினை பொதுமக்களின் உயிர்ப் பிரச்சினையும் ஆகும். ஆகவே அவர்களுடைய சங்கம் பலப்படுவது அனைவருக்கும் நன்மை தரும்.

108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலும், கர்நாடகத்தில் 'ஆரோக்கிய கவச' என்ற பெயரில் 2008 நவம்பர் 1 அன்றும் வந்தது. பணம் இல்லாதவனும் போன் செய்தால் வண்டி வரும் என்ற நம்பிக்கையை ஏழைகளுக்குக் கொடுத்த திட்டம் இது. அதைக் கொண்டுவந்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

ஆனால் உயிரைக் காப்பது வண்டி மட்டும் அல்ல. ரத்தப்போக்கை நிறுத்துவது, கழுத்தும் முதுகெலும்பும் அசையாமல் பலகையில் கிடத்துவது, பிராணவாயு கொடுப்பது, ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்ப்பது ஆகிய அனைத்தும் உள்ளே இருக்கும் அவசர மருத்துவ உதவியாளரின் வேலை. நெரிசலில் புகுந்து குறித்த நேரத்தில் கொண்டு சேர்ப்பது டிரைவரின் திறமை. இந்த இருவரும் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ், படுக்கை போட்ட வாடகை வண்டிதான்.

பெங்களூரில் கட்டடச் சாரத்தில் நின்று வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளிக்கும், இரவு ஷிப்ட் முடிந்து ஓசூர் சாலையில் வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கும் இது அன்னியமான விஷயம் அல்ல. ஊரில் என்றால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் ஓடி வருவார்கள். இங்கே விழுந்தவரை முதலில் தொட்டுத் தூக்குவது, பெரும்பாலும் பெயர் தெரியாத இந்த ஊழியரின் கைகள்தான்.

இவ்விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தெளிவாகப் பேசியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, 1992 ஜூலை 8 அன்று மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சொந்தச் செலவில் சிகிச்சை பெற்றார். அவருக்காகக் கோர்ட் படியேறியது, 'பச்சிம பங்க கேத் மஸ்தூர் சமிதி' என்ற தொழிலாளர் சங்கம். சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டம் தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்த கோர்ட், அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. ஆம்புலன்சில் தேவையான சாதனங்களும் மருத்துவ ஊழியர்களும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. தனி ஆளாக நின்றிருந்தால் அவர் குரல் டெல்லி வரை எட்டியிருக்குமா? சங்கம் இருந்ததால் எட்டியது.

2021-ல் பார்லிமெண்ட் இயற்றிய துணைமருத்துவத் தொழிலர் தேசியக் கமிஷன் சட்டம், அவசர மருத்துவ உதவியாளரையும் ஒரு தொழிலராக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. மாநிலந்தோறும் கவுன்சில் அமைத்து, தகுதி பெற்றவர்களின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இது வரவேற்கத்தக்கது. ஆனால் சட்டப் புத்தகத்தில் பெயர் ஏறியதாலேயே வேலை நிரந்தரம் ஆகிவிடாது. அரசு பணம் கொடுக்கிறது; ஒப்பந்த நிறுவனம் ஆள் வைக்கிறது. சம்பளம் தாமதமானால் இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார். நடுவில் தவிப்பவர் ஊழியர்.

ஒரு தொழிற்சாலையில் ஆயிரம் பேர் ஒரே வாயிலில் கூடுவார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களோ வண்டிக்கு இரண்டு பேராகத் தாலுகாதோறும் சிதறிக் கிடக்கிறார்கள். ஷிப்ட் முடிந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கும். இவர்களை ஒன்று சேர்க்க மாநில அளவில் உறுதியான சங்கம் மிக அவசியம்.

உயிர் காக்கும் சேவையில் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஒரு மணி நேரம் வண்டி நின்றாலும் ஏதோ ஒரு வீட்டில் விளக்கு அணையக்கூடும். அந்த நிலை வராமல் தடுப்பதற்கே சங்கத்தை அங்கீகரித்து முன்கூட்டிப் பேச வேண்டும். குறித்த தேதியில் சம்பளம், ஷிப்டுக்குப் பின் முழு ஓய்வு, பணியில் காயமடைந்தால் நஷ்டஈடு, ஆண்டுதோறும் மறுபயிற்சி ஆகிய நான்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, மீறினால் நிறுவனத்துக்கு அபராதம் என்று அரசு விதிக்க வேண்டும்.

சங்கத்துக்கும் கடமை உண்டு. கமிஷன் வாங்கிக்கொண்டு நோயாளியைக் குறிப்பிட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும் வழக்கம் எங்கு தலைகாட்டினாலும் அதைக் கண்டித்து நிறுத்துவது சங்கத்தின் பொறுப்பு. பயிற்சி இல்லாதவரை வண்டியில் ஏற்ற மறுப்பதும் அதன் பொறுப்பே. உரிமை கேட்கும் கை சுத்தமாக இருந்தால்தான் மக்கள் துணை நிற்பார்கள்.

இங்குள்ள தமிழ் அமைப்புகளும் ஆற்ற வேண்டிய பணி இருக்கிறது. ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்து, அதன் பக்கத்தில் நன்கொடையாளர் பெயரை எழுதி, மாலை போட்டுப் படம் எடுப்பதோடு தொண்டு முடிந்துவிடுவதில்லை. அந்த வண்டிக்குப் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரை வைத்து மாதச் சம்பளம் தருவதே முழுத் தொண்டு. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் அதே மைதானத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தாரையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பினரையோ அழைத்து முதலுதவி வகுப்பும் நடத்தலாம். வண்டி வரும்வரை மார்பை அழுத்தி இதயத்தை இயக்கத் தெரிந்த ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்.

போலீஸ் கேள்வி கேட்குமே என்று அஞ்சி ஒதுங்கிப் போகவும் வேண்டியதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 108-ஐ அழைக்கும்போது, அருகிலுள்ள கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றின் பெயரைக் கன்னடத்தில் சொல்லப் பழகிக்கொள்வது, வேலைக்கு வந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

அடுத்தவர் உயிருக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர், தன் வீட்டு அரிசிக்காகக் கடன் கேட்டு நிற்கக்கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியர் சங்கத்தை அழைத்துப் பேச அரசு முன்வர வேண்டும். மற்றத் தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் அவர்களுக்குத் தோள் கொடுக்க வேண்டும். அந்த வண்டி நாளை யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.