பரங்கிமலைக் கல்லுக்கு எவன் பெயர்?

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடக்கும் கருங்கல்லின்மேல் ஓடியாடி வளர்கின்ற தமிழ்க் குழந்தை, நிலநூல் படிக்கத் தொடங்கியதும் அதன் பெயர் ‘சார்னோக்கைட்டு’ என்று உருப்போட வேண்டியிருக்கின்றது. அப்பெயர் எதைச் சுட்டுகின்றது? கல்லின் நிறத்தையா, பிறந்த இடத்தையா, ஆக்கத்தையா? ஒன்றையுமில்லை. ஒரு வெள்ளையனின் கல்லறையைச் சுட்டுகின்றது!

கிழக்கிந்தியக் குழுமத்தின் முகவனாகிய யோபு சார்னாக்கு என்பான் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்தில் இறந்தான். கொல்கத்தாவில் அவன் கல்லறைக்கெனத் தமிழகத்துக் கருங்கல் கொண்டுபோகப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமசு ஆலண்டு என்னும் நிலநூல் அறிஞர் அக்கல்லை ஆராய்ந்து அது பரங்கிமலைப் பாறையினத்ததே என்று கண்டார். கண்டவர், கல் பிறந்த மலையை விட்டுவிட்டுக் கல்லின்கீழ்க் கிடந்தவன் பெயரைப் பாறையினம் முழுமைக்கும் சூட்டினார். உலகின் எம்மூலையில் அப்பாறை கிடைப்பினும் இன்று அதற்கு அப்பெயரே.

ஆலண்டின் ஆய்வில் குறைகாண்பதற்கில்லை. முதற்கண் ஆய்ந்தவர் இட்ட பெயரை ஏற்பது அறிவியலார் வழக்கம். அதனை மாற்றுதல் தமிழர் கையில் இல்லை. ஆயின், தமிழ்ப்பள்ளிக்கு நூல் எழுதுதல் தமிழர் கையிலன்றோ இருக்கின்றது? ‘பரங்கிமலைக் கல்’ என்று தலைப்பிட்டு, உலகப் பெயரை ஒருமுறை அடுத்துச் சொன்னால் எவ்வறிவியல் குடிமுழுகிப் போகும்? (‘பரங்கி’யும் வெளியிலிருந்து வந்த சொல்லே என்று கிளம்புவார் உளராயின், பல்லாவரக் கல் என்று வைத்துக் கொள்ளட்டும்.)

பெயர் மறைந்தால் பாடமும் உடன் மறைகின்றது என்பதே பெருங்கேடு. இக்கல்லின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நிலத்தின்கீழ் 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், 700 பாகைச் செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில் வெந்து உருவானது அது. மேலிருந்த பாறையெல்லாம் மழையாலும் காற்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டுக் கரைந்தபின் வெளிப்பட்டது. நீலமலையும் ஏர்க்காட்டுச் சேர்வராயன் மலையும் அதே பாறையின. நிலத்தின் ஆழ்வயிற்றில் கிடந்ததொன்றின்மேல் தான் உட்கார்ந்திருப்பதை அறியும் பிள்ளை, ‘உருமாறிய பாறை’ என்னும் பாடத்தை என்றேனும் மறக்குமா? வாயில் நுழையாத பெயரைக் கொடுத்து, எங்கோ உள்ள மலையின் படத்தைக் காட்டினால் தேர்வு முடிந்த மறுநாளே மறக்கும்.

தமிழில் சொல் இல்லை என்பார் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் சென்று பார்க்க. கடல் அங்குப் பரவியிருந்த காலத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன், மண்ணுள் புதைந்த மரமொன்று அணு அணுவாகக் கல்லாக மாறி, 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கின்றது. மக்கள் அதற்கிட்ட பெயர் ‘கல்மரம்’. கலைச்சொற் குழு கூடவில்லை, அகரமுதலி புரட்டவில்லை. தீப்பாறை, படிவுப்பாறை என்பனவும் அவ்வாறே கேட்ட அளவில் விளங்கும் நற்சொற்கள். பாடநூலில் இவை இடம்பெற்றமை மகிழ்தற்குரியதே. பாறையினங்களுக்கு வைத்த தமிழ், பாறைகளுக்கு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று?

நிலநூலின் முதற்பாடம் அவ்வவ்வூர்க் கல்லிலிருந்து தொடங்குக. அரியலூர்ப் பிள்ளைக்குச் சுண்ணாம்புக்கல்லும் அதில் பதிந்த கடற்சிப்பியும். சேலத்துப் பிள்ளைக்கு வெள்ளைக்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. பல்லாவரத்துப் பிள்ளைக்கு வேண்டிய கல்லோ பள்ளிச் சுவருக்கு அப்பாலேயே கிடக்கின்றது.