மாணிக்கக் குழியும் சுற்றுலா மாணாக்கரும்

கல்முனைப் பட்டினத்தை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு, கொழும்பு – மட்டக்களப்பு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே. அதே சாலை இரத்தினபுரியையும் ஊடறுத்துச் செல்கின்றது. ஆதலின், கல்விச் சுற்றுலா செல்லும் எமது பகுதிப் பாடசாலைகள் வழியில் ஒரு மாணிக்கக் குழியையும் பார்த்துவிட எண்ணுதல் இயல்பே. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று ஆசிரியராயும் அதிபராயும் விளங்குதலின், அதுபற்றி அவர்க்கு ஒன்று கூற விழைகின்றோம்.

ஆற்றோரத்திலும் வயல்நிலத்திலும் மண்ணுக்கடியிற் கிடக்கும் 'இல்லம்' என்னும் பரற்படையை எட்டும்வரை நேர்கீழாக அகழ்கின்றனர். சுவர் சரியாதிருக்க மரச்சட்டம் அடுக்கி, இடைவெளியிற் பன்னச் செடிகளைத் திணிக்கின்றனர். ஊறும் நீரை ஓயாது இறைத்தல் வேண்டும். வாரியெடுத்த பரலைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றிக் கழுவ, எடைகூடிய கற்கள் அடியில் தங்கும். அவற்றுள் நீலமோ வைடூரியமோ இருந்தால் உண்டு. இல்லையேல் அன்றைய உழைப்பு சேற்றோடு போயிற்று.

மரபுவழிக் குழிகளிற் பெரும்பாலும் நாட்கூலி இல்லை. உணவுச் செலவு கிடைக்கும். கல் விற்றபின், நிலத்துக்குரியவர், அனுமதிப் பத்திரம் பெற்றவர், நீரிறைக்கும் இயந்திரத்துக்குரியவர் ஆகியோரோடு தொழிலாளரும் பங்கு பெறுவர். இதுவே எமது வாதத்தின் ஆணிவேர். ஆலையிற் கூலிக்கு உழைப்பவரின் ஒரு மணி நேரத்தை நாம் வீணாக்கினால் நட்டம் முதலாளியைச் சாரும். குழியில் நிற்பவரோ பங்காளி; அவருடைய நேரத்தை வீணாக்கினால் நட்டம் அவருக்கும் உண்டு. எனவே நிலச் சொந்தக்காரரிடம் பெற்ற அனுமதி பாதி அனுமதியே.

பொலிவியா நாட்டின் பொத்தோசி நகரில், 1545ஆம் ஆண்டு தொடங்கி வெள்ளி அகழப்பட்டுவரும் மலைக்குள் இன்றும் தொழில் நடைபெறுகின்றது. பார்க்க வருவோர் அங்குள்ள சந்தையிலே கொக்கா இலையும் குளிர்பானமும், வெடிமருந்துக் குச்சியுங்கூட வாங்கிச் சென்று தொழிலாளருக்குக் கொடுப்பது வழக்கம். இதனைப் பிச்சை என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதோம். வெறுங்கையோடு புகுந்து படமெடுத்து மீள்வதினும் அது மேல். எனினும் பரிசு அனுமதிக்கு ஈடாகாது.

மருதமுனையில் நெசவுத்தறி பார்க்கச் செல்வோர் வாயிலில் நின்று "வரலாமா?" என்று கேட்கின்றனர். நெசவாளர் வேலை மும்முரத்திலிருந்தால் பிறிதொரு நாள் வருகின்றனர். ஆழத்தில் நிற்பவருக்கு அடைப்பதற்கு ஒரு கதவு இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தால் எம் மாணாக்கரின் தலைகளே வானத்தை மறைக்கும். விளிம்பில் மிதிப்பவர் காலடி மண்ணும் அவர்மீதே உதிரும்.

ஆயின் போகாதிருத்தலே நன்றன்றோ எனின், நாம் உடன்படோம். 1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதா, இந்நாட்டு மாதர் பன்னிற மாணிக்க மாலை அணிந்திருந்ததை எழுதிவைத்தார். எம் மாணாக்கரின் சுற்றுலாக் கட்டுரைகளும் இன்றுவரை கல்லின் ஒளியையே வருணிக்கின்றன. (இவற்றைத் திருத்தித் திருத்தி எமது சிவப்பு மை தீர்ந்தது.) குழியைக் கண்ட பிள்ளையாவது சேற்றைப்பற்றி ஒரு வரி எழுதும்.

ஆகவே, சிறு சிறு குழுக்களாகச் செல்லுக. விற்பனைக் கூடத்துக்குச் செல்லும் நேரத்தைக் குறைத்து, ஒரு கூடை பரல் கழுவி முடியும்வரை நிற்க. கொடுக்கும் பணம் குழித் தொழிலாளர் கையிற் பொதுவாகச் சேர்க. இவற்றுக்கெல்லாம் முன்னர், கீழே நிற்பவரிடம் கேட்க. அவர் மறுப்பின், பேருந்தைத் திருப்பிப் பெல்மதுளை வழியே ஊர் மீளவும் ஆசிரியர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.