மீப்பகு எண்ணும் திண்டுக்கல் திறவுகோலும்

6746328388800. ஆறு நூறாயிரத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று நூறாயிரத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. பேரெண்களைச் சொல்லத் தமிழிற் சொல் இல்லை என்பார், இதிற் பிறமொழிச்சொல் எங்குளது எனக் காட்டட்டும். கோடியைக் காட்டுவாராயின், தெருக்கோடியையும் அவர்க்கே கொடுத்துவிடுவாரா? ஐ, அம், பல் என முடியும் பேரெண்பெயர்கட்குத் தொல்காப்பியம் புணர்ச்சியே கூறியுள்ளது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன உரையாசிரியர் காட்டும் பெயர்கள்.

இவ்வெண் நமக்கு அயலானதன்று. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன், 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் எழுதிய நெடுங்கட்டுரையின் பட்டியலில் இறுதியாக நிற்பது. அவ்வாராய்ச்சிக்கே 1916-இல் கேம்பிரிட்சுப் பட்டம் கிடைத்தது.

தன்னிற் சிறிய எவ்வெண்ணினும் மிகுதியான வகுத்திகளையுடைய எண்ணை மீப்பகு எண் எனலாம். (பாடநூல்கள் காரணி என்னும், வகுத்தியே தமிழ்.) 12-க்கு வகுத்திகள் ஆறு, அதனிற் சிறிய எதற்கும் ஆறில்லை. பகலிரவை நம் முன்னோர் 60 நாழிகையாகப் பகுத்தனரே, அந்த 60-உம் மீப்பகு எண்ணே. அரையும் காலும் மூன்றிலொன்றும் ஐந்திலொன்றும் முறியாமல் வரும்.

மேற்சொன்ன பேரெண்ணின் வகுத்திகள் 10080. ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இதனை விளக்குதல் எளிது. அவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒன்பது பற்களுள்ள திறவுகோல் ஒன்றைக் கருதுக. (சாவி போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல், நமக்கெதற்கு?) 2-ஐ அறவே கொள்ளாமை முதல் ஆறு முறை கொள்ளுதல் வரை முதற்பல்லுக்கு 7 வெட்டளவுகள். அடுத்ததற்கு 5, பின்னிரண்டிற்கு மும்மூன்று, எஞ்சிய ஐந்திற்கும் இவ்விரண்டு. எத்தனை வேறு திறவுகோல்கள் செய்யக்கூடுமோ அத்தனை வகுத்திகள்.

மீப்பகு எண்ணிற் பகா எண்கள் 2 தொடங்கி இடைவிடாது வரும், அடுக்குகள் ஏறா, இறுதியடுக்கு 4, 36 என்னும் இரண்டிலன்றி எங்கும் ஒன்றே என்று இராமானுசன் நிறுவினார். அவர் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. ஒன்று மட்டும் விடுபட்டது: 293318625600. விடுபட்டதை 23-ஆற் பெருக்கினால் இறுதியெண்ணே வரும்! கணிப்பொறியில்லாக் காலத்தில் கைக்கணக்காகச் செய்த பட்டியலில் ஒன்றே விடுபட்டது என்பதன்றோ வியப்பு?

பிற வகைகட்கும் தமிழ் தாழ்ந்ததன்று. தன்னை நீக்கி ஏனைய வகுத்திகளைக் கூட்டுக. 28-க்கு 28-ஏ வரும், அது நிறையெண். நம் எழுத்துத்தொகை 247-க்கு 33-தான், குறையெண். குறட்பாத்தொகை 1330-க்கு 1550, மிகையெண். இவ்வளவு தெளிவான சொற்களிருக்க, ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிக் கலைச்சொல் என்பது மொழிப்பற்றும் அன்று, கணக்கறிவும் அன்று. நம் சமவெளிச் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கணக்கு அச்சமூட்டுவது எண்ணினால் அன்று. பொருள் விளங்காச் சொல்லினால். ஆசிரியப் பெருமக்கள் திறவுகோற் கணக்கை நாளையே வகுப்பிற் சொல்லிப் பார்க்கட்டும். தொடங்குதற்கு 10080 போதும். அதுவும் மீப்பகு எண்ணே, பற்கள் நான்கு, திறவுகோல்கள் 72.