சொடக்குச் சத்தமும் குடவோலையும்

உங்கள் தெருவில் ஒரு பாட்டி சிறிது தூரம் நடந்ததும் கால் மரத்து, இடுப்பு வலித்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் வலி தணிகிறது. "வயசாயிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது சரியன்று.

முதுகெலும்பின் உள்ளே நரம்புகள் செல்லும் குழாய் ஒன்று உண்டு. வயது ஏற ஏற எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார் தடிக்கும். குழாய் குறுகி நரம்புகள் நெருக்கப்படுகின்றன. குனிந்தால் குழாய் சற்று அகலும், நிமிர்ந்தால் குறுகும். நடக்கச் சிரமப்படும் பெரியவர் சைக்கிளில் எளிதாகச் செல்வது இதனால்தான்!

முதுகைச் சொடுக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இன்று கைபேசிப் படங்கள் காட்டுகின்றன. கைரோபிராக்டிக் என்னும் இம்முறையை அமெரிக்காவில் பால்மர் என்பவர் 1895-இல் தொடங்கினார். 'சடக்' என்ற ஒலி, விலகிய எலும்பு இடத்தில் சேரும் ஒலியன்று. மூட்டு விரியும்போது அங்குள்ள திரவத்தின் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி தோன்றுகிறது. விரலைச் சொடுக்கினாலும் இதேதான். ஒலி பெரிதாக இருந்தால் பலன் பெரிது என்று எண்ணலாமா?

அப்படியானால் பலனை எப்படி அறிவது? நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் நுழையாதபடி, ஒரு சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலை எடுக்கச் செய்தார்கள். மருத்துவ ஆய்விலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில்தான் பிரிக்கிறார்கள்.

2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்நோயுள்ள 259 முதியவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம். அடுத்ததற்குக் கூட்டு உடற்பயிற்சி. மூன்றாவதற்குக் கைச்சிகிச்சையுடன் தனிப் பயிற்சி. இரண்டு மாதத்தில் மூன்றாம் பிரிவு சற்று முந்தியது. ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

ஆகவே கைச்சிகிச்சை முழுப் பொய்யுமன்று, மந்திரமுமன்று. காசைக் கொட்டுவதற்கு முன், இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்று நாள்தோறும் செய்வதே அறிவுடைமை. எலும்பு மெலிந்த முதியவரின் முதுகை வேகமாக முறுக்கினால் எலும்பு முறியவும் கூடும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாட்டி பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்லுங்கள். யாரேனும் அதிசயச் சிகிச்சை என்றால் கேளுங்கள்: "எத்தனை பேருக்கு? எதனோடு ஒப்பிட்டு? எத்தனை நாளைக்கு?"