தொங்கும் தோலும் 15830-ம்

போன எபிசோடில் ப்ரையர் ஆத்தரைசேஷன் சாஃப்ட்வேர் பற்றிப் பேசினோம், இல்லையா? அதற்கு வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நிறைய எடை குறைத்தாச்சு, இப்போ வயிற்றிலும் கையிலும் தோல் தொங்குது. அதை எடுக்கிற ஆபரேஷனுக்கு இங்கே அமெரிக்காவில் ஹெல்த் இன்சூரன்ஸ் காசு கொடுக்குமா?

சின்ன பதில் இது. அடிவயிற்றுத் தோலுக்கு, சில நிபந்தனைகளோடு, கொடுக்கும். கைக்கும் தொடைக்கும் அபூர்வமாகத்தான். வயிற்றைத் தட்டையாக்கும் 'டம்மி டக்'குக்குப் பொதுவாகக் கிடையாது. லைப்போசக்‌ஷன் என்றால், லிப்பெடீமா மாதிரி ஒரு நோய் இருந்தால் சில கம்பெனிகள் யோசிக்கும், மற்றபடி அதுவும் கிடையாது.

பெரிய பதில் கொஞ்சம் எரிச்சலானது. ஆனால் அது தெரிந்தால்தான் ஃபார்மைச் சரியாக நிரப்ப முடியும்.

இங்கே டாக்டர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க சிபிடி கோடு ஒன்று உண்டு. அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் பராமரிக்கும் பட்டியல் அது. தொப்புளுக்குக் கீழே தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பது 15830. பெயர் பானிகுலெக்டமி. அதோடு தொப்புளை இடம் மாற்றி வைப்பது, விலகிப்போன வயிற்றுத் தசையை இழுத்துத் தைப்பது எல்லாம் சேர்ந்தால் 15847. பெயர் அப்டாமினோபிளாஸ்டி, எல்லாரும் சொல்கிற டம்மி டக் அதுதான். இதில் ஒரு விசித்திரம் பாருங்க, 15847 தனியாக ஓடாது. 15830-உடன் சேர்த்து மட்டுமே போடக்கூடிய ஆட்-ஆன் கோடு அது. நம்ம பாஷையில் சொன்னால் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆப்ஷனல் பாராமீட்டர். அதே நாள், அதே சர்ஜன், அதே மயக்க மருந்து. முதல் வரிக்கு இன்சூரன்ஸ், இரண்டாவது வரிக்கு உங்க கிரெடிட் கார்டு. சர்ஜன் ஆபீஸில் 'கவர் ஆகும்' என்று சொன்னால் எந்தக் கோடு கவர் ஆகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொடைக்கு 15832, மேல்கைக்கு 15836, இப்படித் தனித்தனி கோடுகள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் 'காஸ்மெட்டிக்' பக்கத்தில்தான் போய் விழும்.

15830-க்கு எப்போது ஆமாம் சொல்வார்கள்? ஒவ்வொரு கம்பெனியும் 'மெடிக்கல் பாலிசி' என்று ஒரு ஆவணத்தைத் தன் வெப்சைட்டில் போட்டிருக்கும். படித்தால் நேராக இஃப்-எல்ஸ் மாதிரியே இருக்கும். தோல் மடிப்பு அடிவயிற்றின் கீழிருக்கும் ப்யூபிக் எலும்பு வரைக்கோ அதற்குக் கீழேயோ தொங்க வேண்டும். முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோ வேண்டும். மடிப்புக்குள் வரும் புண், அதாவது இன்டர்ட்ரைகோ, டாக்டர் கொடுத்த மருந்தைப் பொதுவாக மூன்று மாதமாவது போட்டும் ஆறாமல் இருக்க வேண்டும். எடை ஆறு மாதமாக ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். எடை குறைந்தது பேரியாட்ரிக் சர்ஜரியால் என்றால், அந்த சர்ஜரி முடிந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருக்க வேண்டும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மெடிகேர் சட்டத்திலேயே காஸ்மெட்டிக் சர்ஜரி விலக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் பட்ட காயத்தை உடனே சரிசெய்வது, உருக்குலைந்த உறுப்பின் செயல்பாட்டை மேம்படுத்துவது, இந்த இரண்டு மட்டும்தான் விதிவிலக்கு. தனியார் கம்பெனிகளின் வாசகமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 2020 ஜூலை 1 முதல், மருத்துவமனை அவுட்பேஷண்ட் பிரிவில் செய்யும் பானிகுலெக்டமிக்கு மெடிகேரிலும் முன் அனுமதி கட்டாயம். கண்ணிமை, மூக்கு ஆபரேஷன்களும் போட்டாக்ஸும் அதே பட்டியலில் இருக்கின்றன. அரசாங்கம் இதை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பது அதிலேயே தெரியும். வருமான வரித் துறையும் இதே கட்சிதான். காஸ்மெட்டிக் என்று முத்திரை விழுந்துவிட்டால் ஹெச்எஸ்ஏ பணத்தையும் தொட முடியாது.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் போடும் பிரீமியத்தில் ஒருத்தர் அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனுக்குக் காசு போகக்கூடாது என்பது சரிதான். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். என் சண்டை அந்தக் கோடு விழுந்திருக்கும் இடத்தோடு. இப்போது அது 'மூன்று மாதம் மருந்து போட்டும் ஆறாத புண்'ணில் நிற்கிறது. தோல் ஆடி ஆடி ஓட முடியவில்லை, முதுகு வலிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு நசுங்குகிறது என்பதெல்லாம் பல பாலிசிகளில் கணக்கிலேயே வராது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்த பெண்ணுக்கு அதை இழுத்துத் தைப்பது காஸ்மெட்டிக். தசை சும்மா பிரிந்ததா என்ன? ஒரு குழந்தையைச் சுமந்து பிரிந்தது.

கோட்டை நகர்த்த முடியாது என்பவர்களுக்கு 1998 ஒரு நல்ல பதில். அந்த வருஷம் அக்டோபரில் வந்த ஃபெடரல் சட்டம், மார்பகத்தை அகற்றும் ஆபரேஷனுக்குக் காசு கொடுக்கும் பிளான், அதைத் திரும்ப உருவாக்கும் ஆபரேஷனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. நோயே இல்லாத மறுபக்க மார்பகத்தை இதற்குச் சமமாக்கும் ஆபரேஷனும் அதில் அடக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது 'செயல்பாடு' இல்லை, தோற்றம்தான். சிகிச்சை உடம்பில் விட்டுச் சென்றதையும் சேர்த்து முடித்தால்தான் சிகிச்சை முடிந்தது என்று காங்கிரஸ் அன்று ஒப்புக்கொண்டது. எடை குறைப்புக்கும் அதே தர்க்கம்தான் பொருந்தும். பேரியாட்ரிக் சர்ஜரிக்குப் பல பிளான்கள் காசு கொடுக்கின்றன. வீகோவி 2021-லும் ஸெப்பவுண்ட் 2023-லும் அனுமதி பெற்றன. இந்த மருந்துகளின் பெரிய ட்ரயல்களில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதமும், அதிக டோஸில் சுமார் 21 சதவீதமும் குறைந்தது. மருந்துக்குக் காசு கொடுக்கும் பிளான், மருந்து வேலை செய்ததும் வரும் தோலைப் பார்த்து 'இது உன் ஆசை' என்கிறது. பாதி வேலையை டெப்ளாய் பண்ணிட்டு டிக்கெட்டை மூடுகிற டீம் மாதிரி இருக்கு இது.

இனி வருவது நம்ம வீட்டு விஷயம்.

புண் இருந்ததற்கு ரெக்கார்ட் வேண்டும் என்கிறது விதி. நம்ம அம்மாக்கள் இதற்கு என்ன செய்வார்கள்? ஊரிலிருந்து வரும் பெட்டியில் ரெண்டு டப்பா கேண்டிட் பவுடர் இருக்கும். குளித்துவிட்டு, மடிப்பைத் துடைத்துவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பத்து வருஷமாக. மருத்துவப்படி அதில் பெரிய தப்பும் இல்லை, க்ளோட்ரிமசோல் இங்கேயும் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்துதான். ஆனால் இன்சூரன்ஸ் சிஸ்டத்தில் அந்தப் பத்து வருஷம் ஒரு பூஜ்யம். டாக்டர் பார்த்த தேதி இல்லை, எழுதிய சீட்டு இல்லை, 'ஆறவில்லை' என்ற குறிப்பு இல்லை. ஆகவே நோயே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வருடாந்திரச் செக்கப்புக்கு அம்மாவோடு போய் மொழிபெயர்ப்பது யார்? நீங்கதான். அதுவும் மகனாக இருந்தால், தன் அடிவயிற்று மடிப்பில் புண் இருக்கிறது என்று அம்மா உங்கள் வாய் வழியாக டாக்டரிடம் சொல்லப் போகிறாரா? 'ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்றுதான் வரும். அஃபோர்டபிள் கேர் ஆக்டின் 1557-ஆம் பிரிவின்படி, ஃபெடரல் நிதி பெறும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். போனிலோ வீடியோவிலோ இருந்தாலும் போதும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் என்று சொல்லிக் கேளுங்கள். பிறகு நீங்க வெளியே உட்கார்ந்து போன் பாருங்க. கூட வந்த பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதை அந்த விதிகள் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன. விதி எழுதியவர்களுக்கு நம்ம அம்மாவைத் தெரிந்திருக்கும் போல.

நிறமும் ஒரு காரணம். 'சிவந்த தடிப்பு' என்று பாலிசி எதிர்பார்ப்பதைப் பழுப்புத் தோலில் போட்டோவாக எடுத்தால் பல சமயம் சிவப்பாகவே தெரியாது. கருத்துப்போன பட்டையாகவோ ஊதா சாயலாகவோ தெரியும். போட்டோவை மட்டும் பார்க்கிற ரிவ்யூவர் 'லேசான நிறமாற்றம்' என்று தாண்டிப் போகலாம். அதனால் போட்டோவோடு டாக்டரின் வார்த்தைகளும் வேண்டும். தோல் ஊறிப்போயிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, நீர் கசிகிறதா, நாற்றம் இருக்கிறதா, எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து, என்ன ஆச்சு. நிறத்தை நம்பாத இந்த விவரங்களை எழுதச் சொல்லுங்கள். டாக்டரிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம்ம வீடுகளில் டாக்டரைக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு, தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

இவ்வளவும் செய்து மறுத்துவிட்டால் அப்பீல் பண்ணுங்க. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து உங்களுக்கு 180 நாள் இருக்கிறது. முதலில், எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்பதையும் உங்கள் முழு ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். அதை இலவசமாகத் தர வேண்டும். இன்னும் செய்யாத சிகிச்சைக்கு அவர்கள் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் தோற்றால், மருத்துவ அவசியம் சம்பந்தப்பட்ட மறுப்புக்கு வெளி ரிவ்யூ உண்டு. அதற்கு நான்கு மாதம் அவகாசம், அந்த முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஹெல்த்கேர் டாட் கவ் பிளான்களில் மறுக்கப்பட்ட க்ளெய்ம்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவைதான் அப்பீலுக்குப் போகின்றன என்று கேஎஃப்எஃப் நிறுவனம் வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறது. எங்க தொழிலில் ஒரு எரர் மெசேஜைப் பார்த்து யாராவது லேப்டாப்பை மூடிவிட்டுப் போவார்களா?

ஆனால் 'பிளானில் காஸ்மெட்டிக் கிடையாது' என்ற ஒப்பந்த விலக்கை மட்டும் காட்டி மறுத்தால் வெளி ரிவ்யூ கதவு திறக்காமல் போகலாம். அதனால்தான் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

என்னை மாதிரி கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதி உங்கள் உடம்போடு ஒட்டியது இல்லை, பிளானோடு ஒட்டியது. கான்ட்ராக்ட் முடிந்து வேறு ஏஜென்சிக்குப் போனால் டிடக்டிபிள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வாங்கிய அனுமதியும் போச்சு. புது கம்பெனியின் பாலிசியில் மூன்று மாதம் ஆறு மாதமாக இருக்கலாம். ஆபரேஷன் தேதி நெருங்கும்போது ரேட் நாலு டாலர் கூட என்று ரெக்ரூட்டர் கூப்பிட்டால், அந்த நாலு டாலரை இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, போன எபிசோடில் நேரம் போதாமல் விட்ட டெக் விஷயம். 2024 ஜனவரியில் சிஎம்எஸ் ஒரு விதி போட்டது. மெடிகேர் அட்வான்டேஜ், மெடிகெய்ட் பிளான்கள் 2026-லிருந்து சாதாரண கோரிக்கைக்கு ஏழு நாளிலும், அவசரத்துக்கு 72 மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும். 2027-லிருந்து இதெல்லாம் ஃபயர் ஸ்டாண்டர்டில் ஏபிஐ வழியாக ஓட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், மருத்துவ அவசியம் இல்லை என்று ஏஐ மட்டும் முடிவெடுத்து மறுக்க முடியாது, உரிமம் பெற்ற டாக்டர் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் ஏபிஐ டாக்டர் ரெக்கார்டில் இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு போகும். பவுடர் டப்பாவுக்கு அதில் ஃபீல்டு இல்லை. முன்பு மெதுவாக வந்த 'இல்லை' இனி ஏழு நாளில் வரும்.

இன்னொன்று, அந்த சிஎம்எஸ் விதி ஆபீஸ் வழியாக வரும் பிளான்களைத் தொடாது. வேலை வழியாக இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் 'செல்ஃப்-ஃபண்டட்' பிளானில் இருக்கிறார்கள். கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருக்கும், பணம் உங்கள் முதலாளியுடையது. மாநில இன்சூரன்ஸ் சட்டமும் அங்கே பெரும்பாலும் எட்டாது. மறுபக்கம், எது கவர் ஆகும் என்பதை எழுதுவதும் அந்த முதலாளிதான். அதனால் ஹெச்ஆரிடம் முதலில் 'நம்ம பிளான் செல்ஃப்-ஃபண்டடா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட்டுக்கு முன்னால் எடை குறைப்புக்குப் பிந்தைய தோல் ஆபரேஷனைச் சேர்க்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரையும் போடச் சொல்லுங்கள்.